ஐந்து இலக்க ஓட்டுநர்கள்

நான் வேலை பார்த்த காலம் முழுவதிலும், கணக்கைத் தீர்த்துத் தரும் சால்வர் என்னிடம் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போகும் கதையைக் கேட்டுவிட்டு அந்த மென்பொருளின் மேல் பழியைப் போட்டுவிடுவீர்கள். கொடுத்த கணக்குக்கு அது சரியான விடையைத்தான் தரும். என்ன கணக்கைக் கொடுத்தோம் என்பதுதான் பல சமயம் நமக்கே தெரிவதில்லை.

நம் தொழிலை வெளியாட்களுக்கு விளக்குவது சிரமம். ஒரு கல்யாண வீட்டில், பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் வேலையைப் பற்றி விசாரித்தார். "யாரு, எப்போ, எந்த வண்டியில போகணும்னு கணக்குப் போட்டுக் குடுக்கறேன்" என்றேன். "அதுக்கா இவ்ளோ படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் பாயசத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தெரியாதது எதுவோ அதற்கு ஒரு மாறி. மீறக் கூடாதது எதுவோ அதற்கு ஒரு கட்டுப்பாடு. குறைக்க வேண்டியது எதுவோ அது இலக்கு. இந்த மூன்றையும் நிரலாக எழுதுகிறோம். நிரல் ஓடும்போது கணினிக்குள் ஒரு மாடல் உருவாகிறது. அதை சால்வர் தீர்த்துவிட்டு, 'உகந்த விடை கிடைத்தது' என்று ஒரு வரி எழுதும். அந்த வரியைப் பார்த்ததும் அறையில் இருக்கும் எல்லோருக்கும் முகம் மலரும்.

அப்படி எல்லோருக்கும் முகம் மலர்ந்திருந்த ஒரு வியாழக்கிழமை இது.

அப்போது எங்கள் அலுவலகம் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், பயணப் பெட்டி விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விடும் ஒரு வண்டி நிறுவனத்துக்கு நாங்கள் ஓட்டுநர் பணிப்பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு அது தள்ளிப்போடக்கூடிய வேலை இல்லை. வாரத்தில் மூன்று முறை போயே ஆக வேண்டும். ஒருமுறை தவறினால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். விடியற்காலையில் ஒரு கூட்டம், நடுப்பகலில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று மையங்கள் இயங்கும். வண்டிகள் உட்லண்ட்ஸில் ஒரு பணிமனையிலிருந்து கிளம்பும். ஓட்டுநர்களில் கணிசமானவர்கள் மலேசியப் பக்கம் ஜோகூரில் குடியிருந்து, தினமும் காஸ்வே பாலத்தைத் தாண்டி வருகிறவர்கள்.

எங்கள் குழுவில் முக்கியமானவர்கள் மூன்று பேர். திட்டத்துக்குப் பொறுப்பாளர் ரவி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நிரல் எழுதியவர் பிரபு, திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவர். மாடல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

அந்த வியாழக்கிழமை விடை அழகாக வந்திருந்தது. எல்லா நோயாளிகளுக்கும் வண்டி, எல்லா வண்டிக்கும் ஆள். ஓட்டுநர் தட்டுப்பாடு என்று வாடிக்கையாளர் புலம்பிக்கொண்டிருந்ததற்கு, இருக்கிற ஆட்களே போதும் என்று மாடல் சொல்லிவிட்டது. ரவி முதல் நாளே அதை வாடிக்கையாளரிடம் காட்டியிருந்தார். திங்கட்கிழமை முதல் அந்தப் பட்டியலின்படி வண்டிகள் ஓட வேண்டும்.

"அக்கா, உங்க சைன் மட்டும்தான் பாக்கி. போட்டுட்டா தேக்கா மார்க்கெட்ல பிரியாணி, என் செலவு" என்றார்.

"மாடலைப் பாத்துட்டுப் போடறேன் ரவி."

"ரிசல்ட்தான் பாத்தீங்களே?"

"ரிசல்ட்டைப் பாத்தேன். மாடலை இன்னும் பாக்கல."

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மாடல் உருவானதும் அதனிடமே கேள்வி கேட்பேன். உனக்குள் எத்தனை மாறிகள்? அவற்றில் முழு எண்ணாக இருக்க வேண்டியவை எத்தனை? எது எந்த எல்லைக்குள் நிற்கிறது? எத்தனை கட்டுப்பாடுகள், எந்தப் பெயரில்? இலக்கைக் கூட்டச் சொல்லியிருக்கிறோமா, குறைக்கச் சொல்லியிருக்கிறோமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். வேறொரு குழுவில் தூரத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய வண்டி ஏன் தீவின் மறுகோடியில் இருக்கும் சாங்கியைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று ஒரு பகல் முழுக்க வரைபடத்தை ஆராய்ந்தார்கள்.

மாடலைக் கேட்பதற்கு முன்னால், என்ன பதில் வர வேண்டும் என்று ஒரு தாளில் நானே கணக்குப் போட்டு வைத்துக்கொள்வேன். அந்த எதிர்பார்ப்பு கையில் இல்லாமல் கேட்டால், திரையில் வரும் எந்த எண்ணும் சரியாகத்தான் தோன்றும்.

அன்று எல்லாம் பொருந்திக்கொண்டே வந்தது, ஓய்வு விதி வரும் வரை. மாலை வேலை பார்த்த ஓட்டுநர் வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து திரும்பி வருவதற்குப் போதிய நேரம் கொடுக்காமல் அவரை மறுநாள் வண்டியில் ஏற்றக் கூடாது என்பது அந்த விதி. ஒவ்வொரு ஓட்டுநருக்கும், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும். நான் எதிர்பார்த்ததைவிட மாடலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

பிரபுவைக் கூப்பிட்டேன்.

"ஓய்வு ரூல் கோட்ல இருக்கு மேடம். நானே எழுதினது. லைனைக் காட்டட்டுமா?"

"கோட் வேணாம் பிரபு. நாம எழுதினது கோட்ல இருக்கும். உருவானது என்னன்னு மாடலைத்தான் கேக்கணும். இங்கயே ஈசூன்ல குடியிருக்கிற டிரைவர் ஒருத்தரை எடுங்க. அவரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலைக்கு வருவாரா மாட்டாராங்கிற மாறி எந்தெந்தக் கட்டுப்பாட்டுல இருக்குன்னு கேளுங்க."

கேட்டார். மூன்று கட்டுப்பாடுகளில் இருந்தது. அந்த வேளைக்குப் போதிய ஆட்கள் வேண்டும் என்பது ஒன்று. ஒருவருக்கு ஒரு நாளில் ஒரே வேலைதான் என்பது இரண்டு. ஓய்வு மூன்று.

"இப்ப இன்னொருத்தர். ஆள் பட்டியல்ல குணசேகரன்னு ஒருத்தர் இருக்காரே, அவரு."

இரண்டே கட்டுப்பாடுகள். ஓய்வு இல்லை. புதன்கிழமை மாறியைக் கேட்டோம், வியாழன் மாறியைக் கேட்டோம். குணசேகரன் என்ற மனிதர் ஓய்வு விதியின் ஒரு வரியில்கூட இல்லை. அடுத்து இன்னொருவர், அவரும் இல்லை. பிரபு வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் ஜோகூர் அட்ரஸ் மேடம்" என்றார்.

காரணம் சின்னது. வீட்டிலிருந்து பணிமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அஞ்சல் குறியீட்டை வைத்து ஓர் அட்டவணையில் தேடி எடுத்தோம். சிங்கப்பூர்க் குறியீடு ஆறு இலக்கம். அந்தப் பக்கம் ஐந்து இலக்கம். ஐந்து இலக்கங்கள் எங்கள் அட்டவணையில் இல்லை. குறியீடு கிடைக்காவிட்டால் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போ என்று நிரலில் இருந்தது. சோதனைத் தரவில் அரைகுறை முகவரிகள் இருந்ததால், நிரல் பாதியில் நின்றுவிடாமல் இருக்க ஆரம்பத்தில் சேர்த்தது. அதற்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. பிழைச் செய்தியும் எதுவும் வரவில்லை.

ஆக, வீடு திரும்ப அதிக நேரம் எடுக்கும் ஆட்களுக்குத்தான் ஓய்வே இல்லாமல் போயிருந்தது.

குணசேகரனின் வாரத்தை எடுத்துப் பார்த்தேன். மாலை, மறுநாள் விடியல், அதற்கு மறுநாள் மறுபடி மாலை, அடுத்து மறுபடி விடியல். சால்வருக்கு யார் மேலும் கோபமில்லை. வேலியில் எங்கே திறப்பு இருக்கிறதோ அங்கே அது போகும். அந்த ஆட்களைத் தடுக்கும் கட்டுப்பாடு இல்லை என்பதைக் கண்டுகொண்டு, ஆள் போதாத இடத்திலெல்லாம் அவர்களையே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. 'இருக்கிற ஆட்களே போதும்' என்ற அந்த அழகான விடை அவர்களுடைய தூக்கத்திலிருந்து எடுத்தது.

குறியீட்டைச் சரிசெய்து, காஸ்வே நெரிசலுக்கும் சேர்த்து நேரம் கொடுத்து, மறுபடி ஓட்டினோம். ரவியும் வந்து எங்கள் பின்னால் நின்றுகொண்டார்.

'சாத்தியமில்லை' என்று வந்தது.

"என்னது?" என்றார் ரவி. "நேத்து ஆப்டிமல், இன்னைக்கு ஒரு ரோஸ்டர்கூட இல்லையா?"

"நேத்தும் இல்ல ரவி. இன்னைக்குத்தான் தெரியுது."

"க்ளையண்ட்டுகிட்ட காட்டியாச்சு லா. அவங்க பழைய சிஸ்டம் ஞாயித்துக்கிழமையோட நின்னுடுது. இந்த ஒரு வாரம் நேத்து காட்டின ரோஸ்டர்லயே விடுவோம். டிரைவருங்க அவங்களுக்குள்ள ஸ்வாப் பண்ணிக்குவாங்க. எப்பவும் பண்றதுதானே?"

"நோயாளிங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி ரவி."

"தெரியும்க்கா. அப்போ அந்த ரூலை சாஃப்ட் ஆக்குங்க. மீறினா பெனால்டின்னு போட்டுடுங்க. விடை வந்துடும்ல?"

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இது நடக்கும். ரவி சொன்னது தொழில்நுட்பப்படி தவறான யோசனை இல்லை. மீறக் கூடாத கட்டுப்பாட்டை, மீறினால் அபராதம் என்று மாற்றுவதை நாம் நூறு இடங்களில் செய்கிறோம். அப்படிச் செய்தால் விடை வரும், 'உகந்தது' என்ற வரியும் வரும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். எந்த விதியை அப்படி நெகிழ்த்தலாம், எதை நெகிழ்த்தக் கூடாது என்பதை மாடல் சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். அதுவும் எல்லோரும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"பாக்கறதுக்காக ஓட்டறேன், அனுப்பறதுக்காக இல்ல" என்றேன்.

ஓட்டினோம். விடை வந்தது. மீறல்கள் எல்லாம் யார் தலையில் விழுந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தோம். பெரும்பாலும் அதே ஜோகூர்க்காரர்கள். சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றும் லிஃப்ட் வண்டியை ஓட்டப் பயிற்சி பெற்றவர்களில் அதிகம் பேர் அவர்கள்தான். அதனால் மாலைக்கும் விடியலுக்கும் அவர்களையே தேடியது.

நான் குணசேகரனின் வாரத்தைத் திரையில் பெரிதாக்கினேன்.

"ரவி, இதைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிங்களேன்."

"எதுக்குக்கா?"

"படிங்க."

படித்தார். திங்கள் மாலை, கடைசி நோயாளியை இறக்கிவிட்டு வண்டியைப் பணிமனையில் விடுகிறார். செவ்வாய் விடியல், முதல் நோயாளியை ஏற்றுகிறார். நடுவில் அவர் பாலத்தைத் தாண்ட வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும், திரும்பவும் பாலத்துக்கு வந்து, காலையில் வேலைக்கு வரும் கூட்டத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். ரவி புதன்கிழமை வரை படித்துவிட்டு நிறுத்தினார். சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு ஜோகூருக்குப் போய்வரும் ஆள் அவர். பாலத்து நெரிசல் எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இவரு எப்பக்கா தூங்குவாரு?"

"அந்த வரிதான் மாடல்ல இல்லாம இருந்துச்சு. அதை எடுத்துட்டு என் பேரைப் போட்டு நான் அனுப்ப மாட்டேன்."

சொல்லிவிட்டேன். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. ரவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம். வேற வழி ஏதாச்சும் கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் போனதும் பிரபு தணிந்த குரலில் கேட்டார். "மேடம், என் வொர்க் பாஸ் ரினியூவலுக்குப் போயிருக்கு. ரிப்போர்ட்ல என் பேரு வருமா?"

"தப்பு எங்க இருந்துச்சுன்னு எழுதுவோம். எப்படித் திருத்தினோம்னு எழுதுவோம். அதுல பேருக்கு என்ன வேலை? உக்காருங்க, எது எதோட மோதுதுன்னு கேப்போம்."

சாத்தியமில்லை என்ற வரியைக் கண்டு பயப்படாதீர்கள். மாடல் தரும் தகவல்களிலேயே நேர்மையானது அதுதான். ஒன்றோடொன்று சேர்ந்து நிற்க முடியாத கட்டுப்பாடுகள் எவை, அவற்றில் மிகச் சிறிய கூட்டத்தைக் காட்டு என்று சால்வரைக் கேட்கலாம். கேட்டோம். ஆயிரக்கணக்கான வரிகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வரிகளை மட்டும் பிரித்துக் கொடுத்தது. ஜோகூர் ஓட்டுநர்களின் ஓய்வு. லிஃப்ட் வண்டிக்குப் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும் என்பது. உட்லண்ட்ஸ் மையத்தில் மாலைக் கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவது. அதே மையத்தில் விடியற்காலைக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பது.

முதல் மூன்றுக்கும் காரணம் எனக்குத் தெரியும். நான்காவதற்குத் தெரியவில்லை.

"எல்லாரும் ஒரே நேரத்துக்கு வரணும்னு யாரு சொன்னது?"

"க்ளையண்ட் குடுத்த தரவுல அப்படித்தான் இருந்துச்சு மேடம்."

"மையத்துல யாராச்சும் சொன்னாங்களா?"

பிரபுவுக்குத் தெரியவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் எம்ஆர்டி ரயில் ஏறி உட்லண்ட்ஸ் போனோம்.

அந்த மையம் ஓர் அடுக்குமாடி வீட்டுத் தொகுதியின் கீழ்த்தளத்தில் இருந்தது. பொறுப்பில் இருந்த சிஸ்டர் விமலா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒரு பக்கம் இயந்திரங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன, இன்னொரு பக்கம் தொலைபேசி. நான் விஷயத்தைச் சொன்னேன். விடியற்காலை சக்கர நாற்காலியில் வருகிறவர்களில் நாலைந்து பேரை முக்கால் மணி நேரம் தள்ளிக் கொண்டுவந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன்.

"யாரை?" என்றார்.

"இன்னும் முடிவு பண்ணல. நாலைஞ்சு பேரு."

"உங்களுக்கு நாலைஞ்சு பேரு. எனக்கு ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி. சில பேரு வரும்போதே மூச்சு வாங்கிக்கிட்டு வருவாங்க. அவங்களை வெளிய உக்கார வெக்க என்னால முடியாது. மிஸஸ் டானை நீங்க தொடவே கூடாது."

"தொட மாட்டோம் சிஸ்டர். யாரைத் தொடக் கூடாதுன்னு சொல்லுங்க, அதையும் மாடல்ல எழுதிடறோம். மாத்த முடியும்னு இருக்கறவங்க யாருன்னும் சொல்லுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசினோம். இவர் முடியாது. இவர் முடியும், ஆனால் மகள் வேலைக்குக் கிளம்புவதற்குள் வண்டி வர வேண்டும். இவரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். அந்த 'இவர்' அப்போது எங்களுக்கு எதிரே படுக்கையில் இருந்தார், கையில் குழாயோடு.

"அங்கிள், உங்களைக் காலையில கொஞ்சம் லேட்டா கூட்டிட்டு வந்தா ஓகேவா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"எவ்ளோ லேட்டு?"

"முக்கால் மணி நேரம்."

"ரொம்ப நல்லதா போச்சு. கீழ கடை தொறந்திருக்கும். ஒரு கோப்பி ஓ குடிச்சிட்டு வருவேன்."

"கோப்பியா? அரை கப்புதான் அங்கிள்! வெயிட் ஏறியிருந்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

"அரை கப்பு" என்று அவர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நாங்கள் நினைத்ததில் பாதிக்குமேல் சம்மதம் கிடைத்தது, முழுவதும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து மாற்றங்களை எழுதி, மாடல் உருவானதும் முதலில் அதன் எண்ணிக்கைகளைப் பார்த்து, குணசேகரன் ஓய்வு விதியில் இருக்கிறாரா என்று பார்த்து, பிறகு ஓட்டினோம். மறுபடியும் சாத்தியமில்லை. ஆனால் மோதும் வரிகள் சுருங்கிவிட்டன. இப்போது எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டின. லிஃப்ட் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் வேண்டும். எந்தக் கணிதத்தாலும் அந்த இரண்டு பேரை உண்டாக்க முடியாது.

ரவியிடம் போய்ச் சொன்னேன். "சிங்கப்பூர்லயே இருக்கிற டிரைவருங்க ரெண்டு பேருக்கு க்ளையண்ட் லிஃப்ட் ட்ரெய்னிங் குடுக்கணும். ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் பழைய சிஸ்டத்தை நிறுத்தக் கூடாது."

"அப்படின்னா புதன்கிழமை நான் காட்டினது தப்புன்னு சொல்லணும்."

"ஆமா."

"நான்தான் சொல்லணும்."

"நானும் கூட இருக்கேன் ரவி. மாடலைப் பத்திக் கேட்டா பதில் சொல்றேன்."

அவர் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். எதிர்முனையில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் இயக்க மேலாளர். ரவி சுற்றி வளைக்கவில்லை. புதன்கிழமை நான் காட்டிய திட்டம் தவறானது, அதை நீங்கள் பயன்படுத்தக் கூடாது என்று முதல் வாக்கியத்திலேயே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். குழு தவறிவிட்டது என்று சொல்லவில்லை, தரவு சரியில்லை என்று சொல்லவில்லை, நான் காட்டியது என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் தொலைபேசியைத் தாண்டி எனக்குக் கேட்டது. ரவி நடுவில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். மேலாளர் மூச்சுவிட நிறுத்தியபோது, உங்கள் ஓட்டுநர் ஒருவரின் வாரத்தை மட்டும் அனுப்புகிறேன், படித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்தார்.

அவர்கள் கூப்பிடும் வரை நாங்கள் மூவரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தோம். கீழே பயணப் பெட்டி விற்பவர் யாரிடமோ பெட்டியின் சக்கரத்துக்கு உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்ப வந்த அழைப்பு சுருக்கமாக இருந்தது. ஒரு வாரம் தருகிறோம். பயிற்சிக்கு ஆட்களை அனுப்புகிறோம். பழைய மென்பொருளை நீட்டிக்கும் செலவை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். ரவி தொலைபேசியை வைத்துவிட்டு, "அந்த மீட்டிங்குக்கு நான் ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் போகணும்" என்றார். அந்த இரண்டு நாளில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

அந்த ஒரு வாரத்தில் பிரபு செய்ததை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அவரை யாரும் செய்யச் சொல்லவில்லை. மாடல் உருவானதும், சால்வரைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஒவ்வொரு ஓட்டுநரின் மாறிகளும் எந்தெந்த விதிகளில் இருக்க வேண்டுமோ அவற்றிலெல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு சோதனையை எழுதினார். ஒருவர் விடுபட்டாலும் நிரல் அங்கேயே நின்றுவிடும். முன்பு மாடலுக்குள் ஓட்டுநர்களுக்கு வெறும் எண்தான் இருந்தது, பெயர் தனிப் பட்டியலில் இருந்தது. இந்தச் சோதனை நிற்கும்போது பெயரைச் சொல்லி நிற்கும்: 'குணசேகரனுக்கு ஓய்வு விதி இல்லை.' எண்ணைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுவோம் மேடம், பெயரைப் பார்த்தால் போக முடியாது என்றார். அவர் பாஸ் புதுப்பிக்கப்பட்டது. பின்னாளில் வேறு இடங்களிலும் அந்தச் சோதனையைத்தான் முதலில் எழுதினார் என்று கேள்விப்பட்டேன்.

புதிய பட்டியல் தொடங்கிய திங்கட்கிழமை விடியலில் நான் உட்லண்ட்ஸ் பணிமனைக்குப் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. விடியல் வேலைக்கு வந்த ஓட்டுநர்கள் முந்தைய மாலை வீட்டில் இருந்தவர்கள். அவர்களில் குணசேகரனும் ஒருவர். அதுவரை திரையில் ஒரு வரியாகவே நான் பார்த்திருந்த ஆள், கட்டையாக, நரைத்த மீசையோடு, லிஃப்ட்டை ஏற்றி இறக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் என்னை அறிமுகப்படுத்தினார்.

"நீங்கதான் ரோஸ்டர் போட்டதா மேடம்?" என்றார். நான் ஆமாம் என்றதும், "எனக்கு மாலை வேலை பாதியா குறைஞ்சு போச்சே. ஓவர்டைம் போச்சு" என்றார்.

நான் எதிர்பார்க்காத வார்த்தை அது.

"சாயங்காலமும் ஓட்டி, மறுநாள் காலையிலயும் ஓட்ட முடியுமாண்ணே?"

"ஓட்டியிருக்கோம் மேடம். எத்தனையோ தடவை." கொஞ்சம் யோசித்தார். "ஒரு தடவை சிக்னல்ல கண்ணு சொக்கிடுச்சு. பின்னாடி ஹாரன் அடிச்சப்பதான் முழிச்சேன். உள்ள ஒரு ஆண்ட்டி இருந்தாங்க." பிறகு தோளைக் குலுக்கினார். "இருந்தாலும் ஓவர்டைம் ஓவர்டைம்தான். அடுத்த மாசம் பகல்ல ஏதாச்சும் கூட்டிப் போடுங்க."

"பாக்கறேன்" என்றேன். அந்த மாதமே அதை ஒரு புதிய வரியாக மாடலில் சேர்த்தோம், ஓய்வைத் தொடாமல்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் அடுத்த வண்டி, அதற்குப் பின்னால் அடுத்தது. வெளிச்சம் வந்த பிறகு சிஸ்டர் விமலாவிடமிருந்து கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள், எல்லோரையும் இயந்திரத்தில் போட்டாயிற்று. அவ்வளவுதான். பணிமனை வாசலில் இருந்த கடையில் ஒரு தே தாரிக் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

அந்தத் திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாயும் நடக்கவில்லை. நம் தொழிலில் யாரும் மேடையேற்றிக் கைதட்டும் அளவுக்கு எதுவும் நடக்காது. வண்டி போகும், வண்டி வரும், உள்ளே இருப்பவர் வீடு திரும்புவார். சிக்னலில் யாருக்கும் கண் சொக்காமல் போன காலைகளை எண்ணிச் சொல்ல எந்த அறிக்கையாலும் முடியாது. உங்களுக்கும் அப்படி ஒன்றும் நடக்காத காலைகள் நிறைய வரட்டும். ஆனால் அவை தானாக வருவதில்லை. நாளை நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒரே ஒரு மாறியையாவது எடுத்து, அது யார், எந்தெந்த வரியில் இருக்கிறார், எந்த வரியில் விடுபட்டுப் போனார் என்று மாடலைக் கேளுங்கள். பதில் வரும் வரை பேனாவைத் திறக்காதீர்கள்.